சுரங்க விளக்கும் கொழுந்துத் தராசும்

(தோட்டக் கிளையின் மாதர், இளைஞர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன தவணை எங்கள் பாடசாலையில் தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். மிகவும் பிடித்த கண்டுபிடிப்பாளர் யார் என்பதுதான் தலைப்பு. 31 கொப்பிகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே கதை. அமெரிக்காவில் இரண்டு பையன்கள், வீட்டுக் கராஜில் இருந்து கம்பியூட்டர் செய்தார்கள், பெரிய கம்பனி ஆனது, பணக்காரர் ஆனார்கள். போனில் பார்த்த கதை. பொய்க் கதை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு பையன் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "எங்கள் வீட்டில் கராஜ் இல்லை."

அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் கொப்பியை மேசையிலேயே வைத்திருந்தோம். கராஜ் இல்லாத, ஒரு காம்பிரா மட்டும் உள்ள கண்டுபிடிப்பாளர் யாராவது இருக்கிறாரா என்று தேடினோம். இருந்தார். அவருடைய கதையைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்காகத் தேடிய கதை, கடைசியில் சங்கத்துக்கு வேண்டிய கதையாகிவிட்டது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் என்று ஒரு நகரம். அதற்குப் பக்கத்தில் வைலம் என்ற ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே ஒரு கல் வீடு. அந்த ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான். 1781 ஜூன் 9 ஆம் திகதி அந்த வீட்டில்தான் ஜோர்ஜ் ஸ்டீபன்சன் பிறந்தார். வீடு இன்றும் நிற்கிறது. அதன் படத்தை வகுப்பில் காட்டினோம். "டீச்சர், இது லயம்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "மாடி வைச்ச லயம்" என்று இன்னொன்று திருத்தியது.

அப்பா சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி எந்திரத்துக்கு நெருப்புப் போடுகிறவர். கிழமைக்கு 12 ஷிலிங். அதில் ஆறு பிள்ளைகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பையனைப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை. அவன் ஒரு விதவைத் தாயின் மாடுகளை மேய்த்தான், நாளைக்கு 2 பென்ஸ். பிறகு சுரங்க வாசலில் கரியிலிருந்து கல் பொறுக்கினான். 14 வயதில் அப்பாவுக்குக் கைவேலையாளாக எந்திர அறைக்குப் போனான். 17 வயதில் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே அவனிடம் வந்துவிட்டது, அப்பாவை விட ஒரு படி மேலே. ஆனால் அப்போதும் தன் பெயரை எழுதத் தெரியாது.

18 வயதில் இராப் பள்ளிக்குப் போனார். இனி 'போனான்' என்று சொல்லக் கூடாது, மரியாதை கொடுத்துவிடுவோம். கிழமையில் மூன்று இரவு, கட்டணம் 3 பென்ஸ். சிறு பிள்ளைகள் படிக்கிற அரிச்சுவடியை, மீசை வந்த பிறகு படித்தார். கணக்கை மட்டும் வேலைத்தலத்துக்கே கொண்டு போனார். வாத்தியார் கற்பலகையில் கணக்கு எழுதிக் கொடுப்பார். எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடையில் கிடைக்கும் நேரத்தில் செய்து முடித்து, மறுநாள் திருப்பிக் கொடுப்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் எந்திரம் நிற்கும். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் எந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, துடைத்து, எது எதோடு சேர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் பூட்டுவார். யாரும் சொல்லிச் செய்த வேலையல்ல, அதற்குக் கூலியும் இல்லை. இதைச் சொல்லும்போது ஸ்டோரில் வேலை செய்யும் அண்ணன்மார் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். உங்களிலும் அப்படி ஆட்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும். ரோலர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பெயாரிங் போகப் போகிறது என்று சொல்லக்கூடியவர்கள். அதை அறிவு என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

வாழ்க்கை லேசாக இருக்கவில்லை. சப்பாத்துத் தைத்தார், ஊராரின் மணிக்கூடுகளைத் திருத்தினார். 1806 இல் மனைவி பிரான்சிஸ் காச நோயில் இறந்தார், கையில் சின்னப் பையன் ரொபேர்ட். அப்பாவுக்கு எந்திர விபத்தில் கண் போனது. ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடலாம் என்றுகூட நினைத்தார். காசு சேரவில்லை.

1811 இல் கிலிங்வேர்த் என்ற இடத்தில் ஒரு புதுச் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. பம்பு எந்திரம் வேலை செய்யவில்லை. படித்த பொறியியலாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள், மாதக்கணக்காகியும் தண்ணீர் வற்றவில்லை. "விட்டால் நான் திருத்துவேன்" என்றார் இவர். வேறு வழியில்லாமல் விட்டார்கள். சில நாட்களில் எந்திரம் ஓடியது, சுரங்கம் வற்றியது. மறு வருடம் அவரை அந்தச் சுரங்கங்களின் எந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளராக்கினார்கள். வருடத்துக்கு 100 பவுண் சம்பளம்.

இவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் வருவது ரயில்தான். 1825 இல் ஸ்டொக்டன், டார்லிங்டன் ரயில் பாதை, 1829 இல் 'ரொக்கட்' எந்திரம், 1830 இல் லிவர்பூல், மன்செஸ்டர் பாதை. அதன் பேரப்பிள்ளைகள்தான் 1867 இல் கண்டிக்கும் 1924 இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த ரயில்கள். அதை இன்றைக்கு விட்டுவிடுவோம். நாங்கள் சொல்ல வந்தது அதற்கு முன் அவர் செய்த ஒரு சின்னப் பொருளைப் பற்றி. ஒரு விளக்கு.

அக்காமாரே, நிலக்கரிச் சுரங்கம் என்பது பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் உள்ள இருட்டு. வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். அந்தக் காலத்தில் வெளிச்சம் என்றால் மெழுகுதிரி. ஆனால் கரிப் பாறைக்குள்ளிருந்து ஒரு வாயு கசியும். மெதேன் என்று இன்று சொல்கிறோம். அது காற்றோடு கலந்திருக்கும் இடத்தில் திரிச் சுடர் பட்டால் வெடிக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் வேலை இல்லை, வெளிச்சம் இருந்தால் உயிர் இல்லை.

1812 மே 25 ஆம் திகதி ஃபெல்லிங் என்ற சுரங்கம் வெடித்தது. 92 பேர் செத்தார்கள். அதில் சிறுவர்கள் பலர். அந்தச் சுரங்கங்களில் ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை தெரியுமா? காற்றுப் போகும் பாதையில் ஒரு கதவு இருக்கும். கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். அதற்காக இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஃபெல்லிங் சாவுக்குப் பிறகு பலர் யோசித்தார்கள். கிளானி என்ற வைத்தியர் ஒரு விளக்குச் செய்தார். லண்டனில் சேர் ஹம்ப்ரி டேவி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியைப் பிடித்தார்கள். அதே காலத்தில் கிலிங்வேர்த்தில் நம் எந்திரக்காரர் தன் வழியில் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் வாயுவோடு பழகியவர். பாறை வெடிப்பிலிருந்து வாயு சீறிக்கொண்டு வரும் இடங்களுக்குப் போய், மெழுகுதிரிகளை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்ப்பார். கூட இருந்தவர்கள் பயந்து கத்துவார்கள். எரிந்து முடிந்த காற்று பக்கத்துச் சுடரை அணைப்பதை அங்கேதான் கண்டார். சுடரைக் கண்ணாடிக்குள் வைத்து, சின்னக் குழாய் வழியாக மட்டும் காற்றை உள்ளே விட்டால் நெருப்பு வெளியே வராது என்று கணித்தார். ஏன் அப்படி என்பதற்கு அவர் சொன்ன காரணம் முழுக்கச் சரியல்ல. உலோகத்தின் குறுகிய துவாரத்தில் போகும்போது சுடர் தன் சூட்டை இழந்துவிடுகிறது, அதனால் வெளியே உள்ள வாயுவைப் பற்ற வைக்க முடியாது. இதைச் சரியாக விளக்கியவர் டேவிதான். ஆனால் விளக்கு எரிவதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நியூகாசிலில் ஒரு தகரவேலைக்காரரிடம் படம் வரைந்து கொடுத்து விளக்கைச் செய்வித்தார். 1815 ஒக்டோபர் 21 ஆம் திகதி இரவு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார். வாயு அதிகம் சேரும்படி ஓர் இடத்தைப் பலகையால் அடைத்து வைத்திருந்தார்கள். கூட வந்த ஒருவர் முதலில் போய்ப் பார்த்து, இங்கே சுடர் பட்டால் நிச்சயம் வெடிக்கும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்துவிட்டார். அவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டார்கள். ஸ்டீபன்சன் கையில் எரியும் விளக்கோடு தனியாக நடந்தார்.

வீட்டில் 12 வயது மகன். தாய் போய் 9 வருடம். விளக்குப் பிழைத்திருந்தால் அந்தப் பிள்ளை அநாதை.

வாயு வரும் இடத்தில் விளக்கை நீட்டினார். சுடர் ஒருமுறை எழும்பியது, பிறகு அணைந்தது. வெடிக்கவில்லை. திரும்பி வந்தார், மற்றவர்களையும் பக்கத்தில் கூப்பிட்டார், திரும்பவும் செய்து காட்டினார்.

மூன்று கிழமைக்குள், நவம்பர் 9 ஆம் திகதி, டேவி லண்டன் ரோயல் சொசைட்டியில் தன் ஆய்வை வாசித்தார். அவருடைய விளக்கு சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்டது. இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கு எல்லோரும் ஏற்றுக்கொள்வது. ஆனால் அன்றைக்கு நடந்தது வேறு. 1817 இல் சுரங்க முதலாளிமார் டேவிக்கு 2,000 பவுண் பெறுமதியான வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்துப் பாராட்டினார்கள். ஸ்டீபன்சனுக்கு 100 கினி. அதோடு ஒரு பழியும் வந்தது. எழுதப் படிக்கப் பிந்திக் கற்ற ஓர் எந்திரக் கூலிக்கு இது எப்படித் தெரியும்? டேவியின் யோசனையைத் திருடியிருப்பான் என்று லண்டனில் பேசினார்கள். டேவியும் அதையே நம்பினார்.

டேவியைக் கெட்டவராக்குவது எங்கள் நோக்கமல்ல. அவர் அந்த விளக்குக்குக் காப்புரிமை எடுக்க மறுத்தவர், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டவர். அவரும் ஒரு மரவேலைக்காரரின் மகன்தான். கீழேயிருந்து மேலே போனவர், கீழேயிருந்து இன்னொருவர் வந்ததை நம்பவில்லை. இது நமக்குத் தெரியாத விஷயமா? நம் லயத்தில் பிறந்து உத்தியோகம் பார்க்கப் போன பிள்ளைகள் சிலர், திரும்பி வந்து நம்மிடமே "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்பதில்லையா?

நியூகாசில் ஆட்கள் விடவில்லை. கூட்டம் போட்டார்கள், சாட்சிகளை விசாரித்தார்கள், டேவியின் விளக்கு வெளிவருமுன்பே இவருடையது சுரங்கத்தில் எரிந்தது என்று நிலைநாட்டினார்கள். 1,000 பவுண் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளிக் குவளையும் வாங்கிக் கொடுத்தார்கள். அதை விட அவருக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் சில்லறை சில்லறையாகச் சேர்த்து ஒரு வெள்ளி மணிக்கூடு வாங்கிக் கொடுத்தார்கள். சந்தாக் காசு. அந்த விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கப் போகிறவர்கள் கொடுத்த காசு.

பேச்சுக்காகவும் அவரைச் சிரித்தார்கள். 1825 இல் பாராளுமன்றக் குழு முன்னால் ரயில் பாதை பற்றிச் சாட்சி சொல்லப் போனபோது, அவருடைய வடக்கத்திப் பேச்சைக் கேட்டு "நீர் வெளிநாட்டுக்காரரா?" என்று ஒருவர் கேட்டாராம். கொழும்பில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம், வாயைத் திறந்ததும் "தோட்டமா?" என்று கேட்பது நினைவுக்கு வருகிறது. ஆனால் மகன் விஷயத்தில் ஸ்டீபன்சன் பிடிவாதமாக இருந்தார். ரொபேர்ட்டை நியூகாசிலில் பாடசாலைக்கு அனுப்பினார். மகன் நூலகத்திலிருந்து விஞ்ஞானப் புத்தகம் கொண்டு வருவான், இரவில் அப்பாவும் மகனும் சேர்ந்து படிப்பார்கள். வெளியே கொடுக்காத புத்தகமென்றால் அதிலுள்ள படங்களை வரைந்துகொண்டு வந்து விளங்கப்படுத்துவான். அந்த மகன் பின்னால் பெரிய பாலங்கள் கட்டிய பொறியியலாளர் ஆனார்.

இங்கே நம்முடைய விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட கதை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆரம்பத்தில் அங்கே ஸ்டோர் இல்லை, அவருடைய பங்களாதான் ஸ்டோர். விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டினார்கள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வைத்து அழுத்தி உருட்டினார்கள் என்று அதைப் பார்த்த ஒரு தோட்டக்காரர் எழுதி வைத்திருக்கிறார். களிமண் அடுப்பில் கரி நெருப்பில் காய வைத்தார்கள். டெய்லரின் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். மேசையில் தேய்ந்த அந்த முழங்கைகள் யாருடையவை என்று எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை. ரோலர் எந்திரம் பிறகு வந்து செய்தது அந்த முழங்கையின் வேலையைத்தான்.

சரி, திரும்ப விளக்குக்கு வருவோம். கதை விளக்கோடு முடிந்திருந்தால் இது பிள்ளைகளின் கட்டுரைக்குப் போதும். நாங்கள் மேலே படித்தபோது ஒரு கணக்கு கண்ணில் பட்டது. அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. 1835 இல் ஒரு பாராளுமன்றக் குழு சுரங்க விபத்துகளைப் பற்றி விசாரித்தது. பாதுகாப்பு விளக்கு வருவதற்கு முந்திய 18 வருடத்தில் டர்ஹம், நோர்தம்பர்லாண்ட் என்ற இரண்டு மாவட்டங்களிலும் இறந்தவர்கள் 447 பேர். விளக்கு வந்த பிறகு 18 வருடத்தில் இறந்தவர்கள் 538 பேர்.

கூடியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றச் செய்த விளக்கு வந்த பிறகு சாவு கூடியிருக்கிறது.

விளக்கின் பிழையா? கொஞ்சம் அப்படித்தான். கம்பி வலை துருப்பிடிக்கும், கண்ணாடி உடையும், வெளிச்சமும் மெழுகுதிரியை விடக் குறைவு. ஆனால் பெரிய காரணம் வேறு. வாயு அதிகம் என்று பயந்து முன்பு மூடி வைத்திருந்த இடங்களை முதலாளிமார் திறந்தார்கள். இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். "இப்போதுதான் விளக்கு இருக்கிறதே, இறங்கு" என்றார்கள். நல்ல காற்றோட்டத்துக்கு இன்னொரு குழி தோண்டப் பணம் வேண்டும். விளக்கு அதைவிட மலிவு. தொழிலாளிக்காகச் செய்த பொருள், தொழிலாளியைக் கேட்காமல் பாவிக்கப்பட்டது.

ஸ்டீபன்சனை நாங்கள் கும்பிடச் சொல்லாததும் இதனால்தான். பிற்காலத்தில் அவரே கரிச் சுரங்கம் வைத்திருந்த கம்பனியின் சொந்தக்காரர்களில் ஒருவரானார். பெரிய வீட்டில், வெள்ளரிக்காய் வளையாமல் நேராகக் காய்க்கக் கண்ணாடிக் குழாய் செய்வித்துக்கொண்டு, 1848 இல் இறந்தார். வெள்ளரிக்காயை நேராக்கியதில் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அவருடைய விளக்கை எங்கே கொண்டு போகலாம், எங்கே கொண்டு போகக் கூடாது என்று சொல்லும் உரிமையை அவர் வாங்கிக் கொடுக்கவில்லை. அதை இறங்கியவர்களே வாங்க வேண்டியிருந்தது.

அதற்கு நாள் எடுத்தது. 1842 இல் ஒரு சட்டம். பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று. எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டது, "இந்தக் கதையில் பொம்பளை ஒருத்தியும் இல்லையா டீச்சர்?" இருந்தார்கள். ஸ்கொட்லாந்தின் கிழக்குச் சுரங்கங்களில் பெண்களும் பெண்பிள்ளைகளும் கரியைக் கூடையில் போட்டு, வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து ஏணியில் ஏறினார்கள். அந்த விசாரணை அறிக்கையில் படம் வரைந்திருக்கிறார்கள். கூடை, நெற்றி வார், குனிந்த முதுகு. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. இரவுப் பள்ளிக்குப் போக அந்தப் பெண்களுக்கு இரவே மிஞ்சவில்லை. 1842 க்குப் பிறகு அவர்களுக்குச் சுரங்கத்துக்குள் வேலையும் இல்லை, அதற்குப் பதில் வேறு வேலை தருவார் யாரும் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1850 இல் சுரங்கங்களைப் பார்க்க அரசாங்கப் பரிசோதகர்கள் வந்தார்கள். 1860 இல் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இன்றைய பேச்சை நாங்கள் எழுதக் காரணமே அந்தப் பிரிவுதான்.

சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி, அவன் அனுப்பும் கரியின் அளவுக்கு. கரி வண்டியில் மேலே போகும். அங்கே நிறுப்பவர் முதலாளியின் ஆள். கீழே இருக்கிறவனுக்குத் தராசு தெரியாது. நிறை குறைவு, கல் கலந்திருக்கிறது என்று சொல்லி வண்டியையே கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். இருட்டில் படுத்துக்கொண்டு வெட்டிய கரி, ஒரு கோட்டில் இல்லாமல் போகும். தொழிலாளர்கள் பல வருடம் கேட்டார்கள்: எங்கள் ஆள் ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 1860 சட்டம் அதைக் கொடுத்தது. தொழிலாளர்களே தங்களில் ஒருவரைத் தெரிந்து, தங்கள் காசிலேயே சம்பளம் கொடுத்து, தராசருகே நிறுத்தலாம். அவர் ஒவ்வொரு வண்டியின் நிறையையும் பார்த்து எழுதுவார்.

முதலாளிமார் விரும்பவில்லை. சில இடங்களில் அந்த ஆளை வேலையை விட்டே நிறுத்தினார்கள். பிறகு வந்த சட்டங்களில் அந்த உரிமையைத் திரும்பத் திரும்ப இறுக்க வேண்டி வந்தது. தராசருகே நிற்கத் தெரிவு செய்யப்பட்டவருக்கு என்ன தகுதி? கணக்குத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டும், பயப்படக் கூடாது. பின்னாளில் சுரங்கச் சங்கங்களின் தலைவர்களாக வந்தவர்கள் பலர் இப்படித் தராசருகே நின்றவர்கள்தான். அவர்கள் எந்தப் பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு அவர்களும் முன்னோடிகள்தான்.

இனி நம்முடைய தராசுக்கு வருவோம்.

எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. எங்கள் மாணவி ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி. போன வருடம் அவளுடைய தோட்டத்துக்கு மின்தராசு வந்தது. பழைய தராசில் முள்ளைப் பார்க்கலாம். இதில் எண் வந்து போய்விடும், கூடையை இறக்கியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்தவரின் நிறை. அம்மா ஒவ்வொரு பின்னேரமும் வந்து "இன்றைக்கு இருபதுக்கு மேலே இருக்கும்" என்று சொல்வார். மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் மேலதிகக் கிலோ சொன்ன அளவுக்கு இருக்காது. அம்மாவும் "மறந்திருப்பேன்" என்று விட்டுவிடுவார்.

அந்தப் பிள்ளை ஒரு கொப்பியில் கோடு போட்டாள். திகதி, காலை நிறை, பகல் நிறை, பின்னேர நிறை, கழித்தது எவ்வளவு, என்ன சொல்லிக் கழித்தார்கள், பேர் விழுந்ததா. அம்மா எண்ணை மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழி செய்தாள். தராசில் எண் வந்ததும் அம்மா அதை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கும் அக்கா திரும்பச் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கும். இது பெரிய தொழில்நுட்பம் இல்லை என்று நினைக்காதீர்கள். மாதக் கடைசியில் கொப்பிக்கும் செக்ரோலுக்கும் 23 கிலோ வித்தியாசம்.

அம்மா கொப்பியை எடுத்துக்கொண்டு ஒபிசுக்குப் போனார். முதல் கேள்வி என்ன தெரியுமா? "இதை யார் எழுதினது?" மகள் என்றார். "பிள்ளை எழுதிய மாதிரி இல்லையே, யாரோ சங்கத்து ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்றார்கள். லண்டனில் ஸ்டீபன்சனுக்கு நடந்ததை அப்போது நாங்கள் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் அந்த இடத்திலேயே சிரித்திருப்போம். தலைவரோடு நாங்களும் போய் உட்கார்ந்தோம். செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு திகதியாகப் பார்த்தோம். இரண்டு நாள் பின்னேர நிறை ஏறவே இல்லை. அதை ஒப்புக்கொண்டார்கள், அடுத்த மாதம் காசு சேர்ந்தது. மிச்சம், ஈரக் கொழுந்து என்று கழித்தது. மழையில்லாத நாளில் ஏன் ஈரம் கழித்தீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பேச்சு நடக்கிறது.

மின்தராசு கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சரியான தராசு நமக்குத்தான் நல்லது. கொழுந்து வெட்டும் கத்தரி வந்தபோதும் இதைத்தான் சொன்னோம். புதுப் பொருள் வரட்டும், ஆனால் அதை எப்படிப் பாவிப்பது, யார் பார்ப்பது, யார் எழுதுவது என்பதில் நமக்கும் இடம் வேண்டும். விளக்கு வந்த 18 வருடத்தில் செத்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளே, கராஜ் இல்லை என்று எழுதிய தம்பி இங்கே பின்னால் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொல்லமாட்டோம். அவன் கொப்பியில் கடைசியாக நாங்கள் எழுதியது: "காம்பிராவில் என்ன பழுதாகிக் கிடக்கிறது? அதைக் கழற்றிப் பார்." அடுத்த கிழமை ரேடியோ ஒன்றோடு வந்தான். திரும்பப் பூட்டும்போது இரண்டு ஆணி மிஞ்சிவிட்டது. ஆனாலும் ரேடியோ பாடுகிறது. அந்த இரண்டு ஆணியும் எதற்கு என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.

அம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரத்தில் கணக்கு ஒரு முறை தவறிவிட்டது என்று பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்ப அவசரப்பட வேண்டாம். செவ்வாயும் வியாழனும் இரவு ஏழு மணிக்குப் பாடசாலையில் விளக்கு எரியும், நாங்கள் இருப்போம். காசு இல்லை. பெரியவர்களும் வரலாம். 18 வயதில் அரிச்சுவடி படித்தவரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு, 40 வயதில் வருகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

கிளைக் கமிட்டி எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு மலைக்கும் இரண்டு பேர், ஒருவர் கட்டாயம் பெண், நிறுக்கும் நேரத்தில் தராசருகே நின்று நிறையை எழுதுவார்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. வீட்டுக் கொப்பியை நாளையிலிருந்தே எழுதலாம், அதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. அந்த மாணவி போட்ட கோட்டைப் போலவே கோடு போட்ட கொப்பிகள் அதோ மேசையில் இருக்கின்றன. ஒரு காம்பிராவுக்கு ஒன்று. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துக் காம்பிராப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் கொப்பியில் அந்தப் பெயரையும் எழுதித் தருகிறோம். ஸ்டோருக்குப் போக வேண்டிய அண்ணன்மார் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், சங்கு ஊத இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.